வாகனத்துக்கு எத்தனை கால்?

என் அப்பா ஒரு வெள்ளைக்காரரின் கால்களை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். சிலுவை நட்ட சிறு மேடையான குருசடி ஓரத்தில் அப்பா நிற்கிறார். இடுப்பில் கோடி வேட்டி, தோளில் துண்டு. அவருக்கு இரண்டு பக்கமும் தோவாளைத் தோட்டக்காரர்கள் இருவர். எதிரே தெருவை அடைத்துக்கொண்டு பூ. மணி அடிக்கிறது, சாம்பிராணி புகைகிறது, பாதிரியாரின் கையில் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரம் மின்னுகிறது. ஊரே மேலே பார்த்துக் கும்பிடுகிறது. அப்பா மட்டும் கீழே பார்க்கிறார்.

போன வாரம் கரும்பலகையில் கன்றுக்குட்டிக்கு ஐந்து கால் வரைந்து மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன். ‘ஓவிய வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதா?’ என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்ய, காலுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. இதுவும் கால் கதைதான்.

பூக்காரர் வீட்டுச் சட்டம்

எங்கள் வீடு தோவாளையில். அப்பாவுக்குக் கொஞ்சம் பிச்சித் தோட்டம் உண்டு என்றாலும், தொழில் பூவைச் சேர்த்து அனுப்புவதுதான். சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் விடியுமுன் பறித்த பூவை அவரிடம் கொண்டு வருவார்கள். அங்கிருந்து அது கோவில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகும். எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. ‘அண்ணாச்சி சொன்னாச்சுண்ணா சொன்னாச்சு’ என்பதுதான் ஒப்பந்தம்.

பூ விஷயத்தில் அவர் வைத்திருந்த சட்டங்களை எழுத ஒரு வாரம் போதாது. பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. தரையில் விழுந்ததை எடுத்துத் தொடுக்கக் கூடாது. கூடையைத் தாண்டக் கூடாது. தவறி ஓர் இதழ் காலில் பட்டுவிட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். காலை நேரத்தில் எங்கள் அம்மா முற்றத்தைக் கடப்பதைப் பார்த்தால் காலில் ஏதோ நோவு என்றுதான் நினைப்பீர்கள். அத்தனை பார்த்துப் பார்த்து அடி வைப்பாள்.

ஒருமுறை பஸ்ஸின் மேல் ஏறிய கண்டக்டர் பையன் பூக்கூடை ஒன்றில் காலை வைத்துவிட்டான். பஸ் வெள்ளமடம் வந்திருந்தது. அப்பா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, அந்தக் கூடையை மட்டும் இறக்கி, ஓடுகிற கால்வாயில் பூவைக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். ‘மேலாக எடுத்துவிட்டு அடியில் உள்ளதை அனுப்பியிருக்கலாமே’ என்றாள் அம்மா. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்து நான் பூக்கட்டக் கற்றுக்கொள்ளவில்லை. படம் போட்டேன். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள், இந்த நார் மணக்கவே இல்லை என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓவிய வாத்தியார் வேலை கிடைத்தபோது, “மீன் நாத்தத்துல போய் பொம்ம வரையப் போறான்” என்று வழியனுப்பினார்.

எனக்க ஊருப் பூவு

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தையும் பக்கத்து மாதா கோவிலையும் பார்த்துக்கொண்டவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார். சொந்தப் பெயர் ஊராரின் நாக்கில் நிற்காததால் அருளப்பசாமி என்று அவரே வைத்துக்கொண்டார். ஒட்டடைக்கம்பு உயரம். தமிழை வள்ளக்காரர்களான மீனவர்களிடம் கற்றதால் அவர் வாயில் அசல் கடற்கரைத் தமிழ்தான் வரும். பிரசங்கத்துக்கு மட்டும் இலக்கணத் தமிழ் எழுதிக் கொண்டுவந்து வாசிப்பார். அது யாருக்கும் புரியாது.

ஒரு வைகாசியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“வாத்தியாரே, எனக்க ஊருல நற்கருணைத் திருநாளுக்குத் தெரு முழுக்கப் பூவு போடுவோம். பூவ இதழ் இதழா பிச்சு, ஜமுக்காளம் மாதிரி. அதுல படம் உண்டு, பூவேலை உண்டு. அவங்கவங்க வீட்டு நடைக்கு முன்ன அவங்கவங்க போடணும். எங்க நடைக்கு எனக்க அம்ம போடுவா.”

“இப்பவும் போடுறாங்களா சாமி?”

“அம்ம செத்துப் போச்சு. மூணு மாசம் கழிச்சு லெற்றர் வந்தது. இந்த வருசம் எங்க நடைக்கு முன்ன வெறும் கல்லுதான் கிடக்கும்ணு தங்கச்சி எழுதியிருக்கா.” கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். “அங்க போட ஆளில்ல. அதை இங்க போட்டா என்ன?”

எவ்வளவு பூ வேண்டுமானாலும் அப்பாவிடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பூ போட்ட பின்னால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றியது.

“பவனி அதும்மேல நடக்கும்” என்றார் சாதாரணமாக.

நீரும் மனுஷன்தான

ஞாயிற்றுக்கிழமை சாமியாரையே தோவாளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பயம்தான் காரணம். அவர் இருந்தால் அப்பா கையில் கிடைத்ததை எடுத்து எறிய மாட்டார்.

அப்பா மோர் கொடுத்தார், விசாரித்தார், எல்லாம் மரியாதையாகக் கேட்டார். தரையில் பூ போடுவது பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. ஓணத்துக்கு எங்கள் பக்கத்திலும் அத்தப்பூ போடுவார்களே. ஆனால் அதை யாரும் மிதிப்பதில்லை, சுற்றித்தான் போவார்கள்.

“அதுல நடக்கப் போறது யாரு?” என்றார்.

“ஆண்டவர்” என்றார் சாமியார்.

“சாமி நடந்தா பூவுக்கு மோட்சம். குடுக்கேன். ஆனா சாமிய நீருல்லா சொமக்கப் போறீரு. நீரும் மனுஷன்தான?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாமியார் மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். “சுசீந்திரத்துல சாமி எழுந்தருளும்போ கீழ ரிஷபம் இருக்கும் இல்லியா? அந்த மாட்டுக்க காலை நீங்க காலுண்ணு எண்ணுவியளா?”

அப்பா யோசித்தார். தாடையைத் தடவினார். “அது வாகனம்லா” என்றார்.

“அன்னைக்கு நானும் வாகனம்தான்.”

அப்பாவுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே தோட்டக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். வாகனத்தைத் தவிர மனுஷக் கால் ஒன்றும் அந்தப் பூவில் படாது, அதற்குத் தான் பொறுப்பு, பட்டால் இனி யாரும் தன் வாசலில் பூ இறக்க வேண்டாம். பூதலிங்கம் என்றொரு தோட்டக்காரர், எதையும் ஒன்றுக்கு இரண்டாகப் பார்க்கிறவர், “அப்பம் நாங்களும் கூட வந்து பாக்கோம்” என்றார். “வாரும்” என்றார் அப்பா.

சாமியார் போன பிறகு என்னைத் தனியே அழைத்தார். “மக்கா, இது என் வாக்கு. ஒன் கையில தந்திருக்கேன்.”

மூன்று என்றால் மூன்று

கணக்கு எளிது. ஆண்டவர் எழுந்தருளும் கதிர்ப்பாத்திரத்தைச் சுமந்து வரும் சாமியாருக்கு மேலே மேற்கட்டி பிடிப்பார்கள். நாலு கம்பு, நாலு ஆள், நடுவில் பட்டுத்துணி. கம்புகளுக்கு இடையில் ஆறடி. அதற்குள் பூவிரிப்பு மூன்று முழம் அகலம் இருந்தால் சாமியார் பூவில் நடப்பார், பிடிக்கிறவர்கள் வெளியே மணலில் நடப்பார்கள்.

திருநாளுக்கு முந்திய நாள் நான் பூ ஏற்றத் தோவாளைக்குப் போக வேண்டியிருந்தது. தெருவில் கோடு போடும் பொறுப்பைச் சிலுவைதாசன் அண்ணனிடம் விட்டேன். அவர் வள்ளக்காரர், மேற்கட்டியில் முன்கம்பு பிடிக்கிறவர், ஊருக்கு முக்கியஸ்தர். ஒரு காகிதத்தில், ‘தெரு முனை முதல் கோவில் நடை வரை. அகலம் 3’ என்று எழுதிக் கொடுத்தேன். பூக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு மூன்று என்றால் மூன்று முழம். வேறு அளவு உலகத்தில் இருப்பதாகவே தெரியாது.

கடற்கரையிலோ கயிறு, வலை, ஆழம் எல்லாமே மாரில்தான். இரண்டு கையையும் முழுக்க விரித்தால் ஒரு மார். ஆறடி வரும். சிலுவைதாசன் அண்ணன் கையை மூன்று தடவை விரித்து, தெருவை இரண்டு பக்கமும் நடக்க மட்டும் ஓரம் விட்டு அளந்து, கருமணலால் அழகாக இரண்டு கோடு போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நான் லாரியில் வந்து இறங்கியபோது அகலம் கண்ணில் படவில்லையா? பட்டது. சாமியார் ஆசைப்பட்டு அகலமாக்கியிருப்பார் என்று நினைத்தேன். வாத்தியார் தைரியமாக அகலமாக்கியிருக்கிறார் என்று சாமியார் நினைத்தாராம். இதில் சிலுவைதாசன் அண்ணன் ஒருவர்தான் எதையும் நினைக்காமல் சொன்னதைச் செய்தவர்.

பூ பற்றாமல் போயிருந்தாலாவது விழித்திருப்போம். அதுவும் நடக்கவில்லை. சாமி நடக்கப் போகிறார் என்ற பேச்சு தோவாளையில் பரவி, கேட்டதற்கு நாலு மடங்கு பூ வந்திருந்தது. மஞ்சள் கேந்தி, அரளி, பிச்சி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சம்பங்கி, கொழுந்து, குளத்துத் தாமரை. கடற்கரைப் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து இதழ் பிய்த்தார்கள். தெரு மணலில் நான் மூங்கிலால் கோடு இழுக்க இழுக்கப் பின்னாலேயே நிறம் ஏறிக்கொண்டு வந்தது. ஆண்டவருக்கு அடையாளமாக நான் வரைந்த தெய்வச் செம்மறி எங்கள் ஊர் வெள்ளாடாக வந்திருந்தது. சாமியார் அதன் தாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கால் நாலுதான்” என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியில், கோவில் நடைக்கு முன்னால், அவர் அம்மா போடும் வட்டக் கோலத்தை அவரே முழங்காலிட்டுப் போட்டார். பக்கத்தில் யாரும் போகவில்லை.

பத்து மணிக்கெல்லாம் ஆனிக்காற்று தொடங்கியது. கடலில் கிளம்பினால் அது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித்தான் நிற்கும். இதழ்கள் மெல்ல எழுந்திருக்கத் தொடங்கியதும் பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். சிலுவைதாசன் அண்ணன் ஒரு சீழ்க்கை அடித்தார். ஏழெட்டுப் பேர் சாளை மீன் வலைகளைத் தூக்கி வந்து பூவின் மேல் விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டார்கள். ஓர் இதழ் அசையவில்லை. பிச்சி மணத்தோடு சாளை மணமும் சேர்ந்து தெருவில் நின்றது. அப்படி ஒரு மணத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

பட்டுத்துணி போய் பாய்த்துணி

மூன்றரை மணிக்கு அப்பாவும் பூதலிங்கமும் இன்னொரு தோட்டக்காரரும் வந்து குருசடி ஓரத்தில் இடம் பிடித்தார்கள். நாலு மணிக்கு மேற்கட்டியைத் தெரு முனைக்குக் கொண்டு வந்தார்கள். அதைப் பூவின் அருகே வைத்த பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது.

கம்புக்குக் கம்பு ஆறடி. பூ பதினெட்டடி. பிடிக்கிறவர்கள் நாலு பேரும் பூவின் மேல்தான் நடக்க வேண்டும்.

“மூணுண்ணுதான எழுதியிருந்தியரு?” என்றார் சிலுவைதாசன் அண்ணன்.

“மூணு முழம் அண்ணே.”

“முழமா? தெருவ ஆராவது முழத்துல அளப்பானா வாத்தியாரே? முழம் சீலைக்கில்லா.”

மேற்கட்டி இல்லாமல் ஆண்டவரை வெளியே எடுக்கக் கூடாது, அது அவர்கள் சட்டம். மனுஷக் கால் படக் கூடாது, அது எங்கள் சட்டம். “நாலு பேருதான, மெள்ளமா நடந்தா போச்சு” என்று யாரோ சொன்னார்கள். சாமியார் குருசடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்பா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவருக்கு இங்கே நடப்பது ஒன்றும் தெரியாது.

“நடக்கப்படாது” என்றார் சாமியார். “வாத்தியாருக்க வாக்கு எனக்க வாக்கு.”

சிலுவைதாசன் அண்ணன் மேற்கட்டியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது அவரும் அவர் மச்சானும் ஒரு பெரிய துணிச் சுருட்டைத் தோளில் கொண்டு வந்தார்கள். புது வள்ளத்துக்குப் பாய் தைக்க முழுத்துணியாக மூட்டி வைத்திருந்தது. இன்னும் வெட்டவில்லை, சாயம் போடவில்லை, உப்புத்தண்ணி படவில்லை. வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“எனக்க பாய் முதல்ல ஆண்டவரைக் கொண்டு போகட்டு. பொறவு என்னக் கொண்டு போனா போதும்” என்றார்.

நாலு மூலையிலும் பாய்மரக் கம்பு கட்டினார்கள். இரண்டிரண்டு பேராக எட்டுப் பேர் பூவுக்கு வெளியே நின்று தூக்கினார்கள். துணி நடுவில் தொங்கிச் சாமியாரின் தலையில் வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு பிடி பிடித்தது. துணி புடைத்து மேலே எழும்பி, தெருவுக்கே கூரை போட்டதுபோல நின்றது. ஊர் முழுக்க முகம் மலர்ந்தது.

காற்று நின்றது

தெரு முனையிலிருந்து கோவிலை நோக்கிப் பவனி கிளம்பியது. முன்னால் வள்ளக்காரர்கள் ஓரங்களில் நின்று வலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டே போனார்கள். சாமியார் வர வரப் பூ திறக்கும். ஆனால் பாட்டில்லாமல் வலை இழுக்க அவர்களுக்குக் கை வராது. அங்கே பாடிக்கொண்டிருந்ததோ லத்தீன் பாட்டு. கொஞ்ச தூரத்தில் லத்தீன் பாட்டு வலை இழுக்கிற தாளத்துக்கு வந்துவிட்டது. பாடுகிற பெண்பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாமியார் குருசடியைக் கடந்தபோது அப்பாவின் கண் அவர் காலில் இருந்ததைத்தான் முதலில் சொன்னேன். எப்போதும் கறுப்புச் சப்பாத்தோடு திரிகிற மனிதர் அன்று வெறுங்காலோடு வந்தார். வெயில் படாத, சிவந்த பாதங்கள். பூவின் மேல் அவற்றை வைப்பதா வேண்டாமா என்று கேட்டுக் கேட்டு வைப்பதுபோல வைத்தார். “சப்பாத்து இல்ல” என்று அப்பா பூதலிங்கத்திடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் கோடு இழுத்த நீள மூங்கிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகவே கூட நடந்தேன். காற்று ஏறினால் துணியை இளக்க வேண்டும், குறைந்தால் இறுக்க வேண்டும் என்று சிலுவைதாசன் அண்ணன் கடலில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார். காலையிலிருந்து அந்தக் காற்றைத்தான் நாங்கள் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தோம்.

பாதித் தெருவில், வெள்ளாட்டுக்கு நேராக, காற்று நின்றுவிட்டது.

குறையவில்லை. நின்றேவிட்டது. புடைத்து நின்ற துணி அப்படியே இறங்கத் தொடங்கியது. எட்டுப் பேரும் முக்கி முக்கி இழுத்தும் நடு இடம் இறங்கிக்கொண்டே வந்தது. கதிர்ப்பாத்திரத்துக்கும் துணிக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. சாமியார் பாத்திரத்தைத் தாழ்த்தி மார்போடு அணைத்துக்கொண்டார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன். மூங்கிலோடு உள்ளே பாய்ந்து, சாமியாருக்குப் பின்னால் நின்று, துணியின் நடுவில் கம்பை ஊன்றித் தூக்கினேன். கூடாரத்துக்கு நடுக்கால் வைத்ததுபோல நின்றது. சாமியார் திரும்பாமல் நடந்தார். விட்டால் துணி விழும், அதனால் நானும் கூடவே நடந்தேன். கேந்தியில், அரளியில், வாடாமல்லியில். ஈரமாக, குளிர்ச்சியாக ஒவ்வோர் இதழும் உள்ளங்காலில் பட்டது. தோவாளைப் பூக்காரர் மகன், அப்பாவின் வாக்கைக் கையில் வாங்கியவன், பாதித் தெருப் பூவையும் மிதித்துக்கொண்டு போனேன்.

தன் அம்மாவின் கோலத்துக்கு முன்னால் சாமியார் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதன் மேல் காலை வைத்துக் கடந்தார். நான் மட்டும் கையை எட்ட நீட்டி, ஒற்றைக்காலில் தாவி, அதைத் தாண்டிவிட்டேன்.

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு குருசடிக்குப் போனேன். வாயைத் திறக்குமுன் பூதலிங்கம் ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணாச்சி, மனுஷக் கால் படாதுண்ணுல்லா சொன்னீரு. உம்ம மவனே மிதிச்சிட்டானே. இதுக்கு என்ன சொல்லுதீரு?”

அப்பா என் கால்களைப் பார்த்தார். இரண்டு பாதத்திலும் மஞ்சளும் சிவப்புமாக அப்பியிருந்தது.

“எதுக்குலே உள்ள போன?”

“துணி சாமி மேல விழப் பாத்துது” என்றேன்.

அப்பா பூதலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

“வே பூதலிங்கம், ரிஷப வாகனத்துக்கு எத்தன காலு?”

“நாலு.”

“இந்தச் சாமியாருக்கு?”

“ரெண்டு.”

“பின்ன பாக்கி ரெண்டுக்கு ஆள் வேண்டாமா?”

பூதலிங்கம் என்னையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, என் குதிகாலில் ஒட்டியிருந்த ஒரு கேந்தி இதழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார், பூ இல்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்து.